ஆறரை வயதிலும் விரல் சூப்புகிறாள்: பல்லும் தாடையும் எவ்வளவு மாறும், எப்போது தலையிட வேண்டும்?

ஈரோட்டு அம்மா
பொண்ணுக்கு ஆறரை வயசு. வலது கட்டை விரல். பகலில் டிவி முன்னாடி கொஞ்ச நேரம், ராத்திரி தூங்கினால் விடியும் வரை விரல் வாயில்தான். கீழ் முன்பல் இரண்டும் விழுந்து புதுசு முளைச்சாச்சு, மேலே இன்னும் பால் பல்தான். கடைவாயைச் சேர்த்துக் கடிக்கச் சொன்னாலும் முன்னால் மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டுவதில்லை, நடுவில் இடைவெளி தெரியுது. வீட்டில் பெரியவங்க "வளர்ந்தா தானா விட்டுடும்" என்கிறாங்க. ஒரு டாக்டர் உடனே வாய்க்குள் கம்பி வைக்கணும் என்றார், இன்னொருவர் 12 வயசில் க்ளிப் போடும்போது பார்த்துக்கலாம் என்றார். எதைக் கேட்பது?

குட்டிப்பல் (குழந்தைகள் பல் மருத்துவம்)
வணக்கம் அம்மா. மேல் நிரந்தர முன்பற்கள் பொதுவாக 7 முதல் 8 வயதில் முளைக்கும். அதற்கு முன் பழக்கம் நின்றுவிட்டால், முன்னால் தெரியும் அந்த இடைவெளி (நாங்கள் ஓபன் பைட் என்போம்) பெரும்பாலும் சிகிச்சை இல்லாமலே மூடிக்கொள்ளும். உங்களுக்கு இன்னும் சில மாதங்கள் கையில் இருக்கின்றன. கம்பிக்கு ஓடவும் வேண்டாம், 12 வயது வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பெற்றோர் எல்லாரும் கேட்பது "எவ்வளவு பலமாகச் சூப்பினால் பல் நகரும்?" என்றுதான். பலத்தை விட நேரம்தான் பல்லை நகர்த்துகிறது. சத்தம் வர உறிஞ்சிவிட்டு அரை மணியில் விரலை எடுத்துவிடும் குழந்தைக்குப் பல் அப்படியே இருக்கலாம். உறிஞ்சாமல் இரவு முழுக்க விரலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்குப் பல் நகர்ந்துவிடும். நாளுக்கு ஆறு மணி நேரம் அளவுக்கு மெல்லிய அழுத்தம் இருந்தாலே பல் இடம் மாறப் போதும் என்பது பல் சீரமைப்புத் துறையில் ஏற்கப்பட்ட கணக்கு. ராத்திரிப் பழக்கத்தை நாங்கள் விடாமல் கேட்பது அதனால்தான்.

வீட்டிலேயே ஒன்று அளந்து பாருங்கள். கடைவாய்ப்பற்கள் நன்றாகச் சேரும்படி கடிக்கச் சொல்லுங்கள். சில குழந்தைகள் முன்பல்லை ஒட்டவைக்கத் தாடையை முன்னால் தள்ளுவார்கள். எச்சிலை ஒருமுறை விழுங்கச் சொன்னால் தாடை தன் இடத்துக்கு வந்துவிடும். பிறகு பிளாஸ்டிக் ஸ்கேலின் முனையைக் கீழ் முன்பல்லின் வெளிப்பக்கத்தில் வைத்து, மேல் முன்பல்லின் விளிம்பு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். 2 முதல் 3 மி.மீ. என்றால் இயல்பு. அதே ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையே உள்ள திறப்பையும் அளந்து, இரண்டு எண்ணையும் தேதியோடு குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

விரலையும் பாருங்கள். மற்ற விரல்களை விடச் சுத்தமாக, தோல் வெளுத்துச் சுருங்கி, நகம் குட்டையாக, கணுவின் மேல் பல் படும் இடத்தில் தடித்த காய்ப்பு இருந்தால் பழக்கம் நீங்கள் நினைப்பதை விட அதிக நேரம் நடக்கிறது. "பகலில் விட்டுட்டா டாக்டர்" என்று சொல்லப்படும் பிள்ளைகளின் விரலில் அந்தக் காய்ப்பைப் பல முறை பார்க்க முடியும்.

நேர்க்கடி (பல் சீரமைப்பு நிபுணர்)
குட்டிப்பல் சொன்னதோடு தாடைக் கணக்கையும் சேர்க்கிறேன். எத்துப்பல் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் அதையே பார்க்கிறார்கள். மேல் பல்வரிசையின் அகலக் குறைவுதான் பின்னால் அதிகத் தொல்லை தருவது.

கட்டை விரல் உள்ளே போகும்போது ஒரே நேரத்தில் மூன்று காரியம் நடக்கிறது. விரலின் உட்பகுதி மேல் முன்பல்லை வெளியே தள்ளுகிறது. விரலின் முதுகும் கையின் கனமும் கீழ் முன்பல்லை நாக்குப் பக்கம் சாய்க்கின்றன. கைமுட்டி தாடையை விலக்கிப் பிடிப்பதால் கடைவாய்ப்பற்களுக்கு எதிர்ப்பல் தொடாது, அவை கொஞ்சம் கூடுதலாக முளைத்துவிடுகின்றன. பின்னால் 1 மி.மீ. கூடினால் முன்னால் ஏறக்குறைய 2 மி.மீ. திறந்துவிடும். ஓபன் பைட்டுக்குப் பாதிக் காரணம் முன்பல் முளைக்க விரல் தடையாக இருப்பது, மீதி இந்தக் கடைவாய் உயர்வு.

அகலம் குறைவது எப்படி? இயல்பாக நாக்கு மேலண்ணத்தில் படுத்திருக்கும். உள்ளிருந்து அது தரும் தாங்கலும் வெளியிலிருந்து கன்னத் தசை தரும் அழுத்தமும் சமமாக இருப்பதால்தான் மேல் பல்வரிசை அரைவட்டமாக நிற்கிறது. விரல் வந்ததும் நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. உறிஞ்சும்போது கன்னத் தசை உள்ளே அழுத்துகிறது, குறிப்பாகக் கோரைப்பல் பகுதியில். தடுக்க ஆள் இல்லாத மேல்வரிசை ஒடுங்கி முன்னால் கூராகிறது. கீழ்வரிசைக்குள் நாக்கு கிடப்பதால் அது அப்படியே இருக்கும். விளைவு, மேல் கடைவாய் கீழ்க் கடைவாய்க்கு உள்பக்கமாகக் கடிக்கும். இதுதான் க்ராஸ் பைட்.

வலது கட்டை விரல் என்பதால் திறப்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வாயை மெதுவாக மூடும்போது, முதல் பல் தொட்ட பிறகு கீழ்த்தாடை ஒரு பக்கம் வழுக்கிப் போகிறதா? கண்ணாடி முன் நிற்கவைத்து, மேல் முன்பல் நடுக்கோடும் கீழ் நடுக்கோடும் வாய் திறந்திருக்கும்போதும் கடித்தபோதும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். திறக்கும்போது நேராகவும் கடித்ததும் விலகியும் இருந்தால், தாடை வழுக்கும் க்ராஸ் பைட். அதைத் தள்ளிப்போடக் கூடாது. தாடை கோணலாகவே வளர்ந்து பழகிவிடும். ஓபன் பைட் போல அது பழக்கம் நின்றால் தானாகச் சரியாகும் என்று நம்பி இருக்கவும் முடியாது.

வல்வெட்டி
எங்கட பக்கம் பிள்ளைகளுக்குச் சூப்பி (வாயில வைக்கிற ரப்பர் காம்பு) குடுக்கிற வழக்கம் இருக்கு. விரலை விடச் சூப்பி பரவாயில்லையா, ரெண்டும் ஒண்டுதானா?

குட்டிப்பல்
பல்லின் மேல் விளைவு ஒரே வகைதான், சாய்மானம் வேறு. சூப்பியில் க்ராஸ் பைட் கூடுதலாகக் காணப்படும். விரலில் மேல் பல் முன்னால் தள்ளுவது கூடுதல். "பல்லுக்கு ஏற்ற வடிவம்" என்று விற்கும் சூப்பியும் நீண்ட நேரம் இருந்தால் பல்லை மாற்றத்தான் செய்யும். ஆனால் சூப்பியை ஒரு நாள் எடுத்து ஒளித்துவைக்கலாம். விரலை எடுத்து வைக்க முடியாது. அதனால் சூப்பிப் பிள்ளைகள் சீக்கிரம் விடுகிறார்கள்.

வயதுக் கணக்கு: பிறந்த குழந்தை சூப்புவது இயல்பு, கருவிலேயே ஸ்கேனில் பார்க்கலாம். 2 முதல் 4 வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே விடுகிறார்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 3 வயதுக்குள் விடவைக்க உதவச் சொல்கிறது. அயோவாவில் பிறந்ததிலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் 4 வயதைத் தாண்டிய பழக்கமே பல்வரிசையை அதிகம் கெடுத்தது. அதற்கு முன்பே நின்றவர்களிலும் சிலருக்கு மாற்றம் மிச்சம் இருந்தது. ஆகவே 3 வயதில் மெதுவாகத் தொடங்கலாம், 6 வயதில் தள்ளிப்போடக் கூடாது.

கொங்குத்தம்பி
வேப்பெண்ணெய், பாகற்காய்ச் சாறு, மிளகாய்த்தூள் என்று ஆளாளுக்குச் சொல்றாங்க. வேலை செய்யுமா?

குட்டிப்பல்
மிளகாய்த்தூள் கூடவே கூடாது. தூக்கத்தில் குழந்தை அதே கையால் கண்ணைத் தேய்க்கும். காய்ப்பு வெடித்த விரலில் பட்டால் புண்ணாகும். வேப்பெண்ணெயும் வேண்டாம், சின்னக் குழந்தைகள் அதை விழுங்குவது நச்சு.

மருந்துக்கடையில் கிடைக்கும் கசப்பு நகப்பூச்சு (டெனடோனியம் பென்சோயேட் உள்ளது) ஒரு நினைவூட்டலாக வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு: குழந்தையே "எனக்கு ஞாபகப்படுத்துங்க" என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். காலையிலும் படுக்கும் முன்பும் நகத்திலும் சுற்றுத் தோலிலும் பூசிக் காயவிட வேண்டும். புண் இருந்தால் பூசக் கூடாது. தண்டனையாகப் பூசினால் அடுத்த கை விரலுக்கு மாறிவிடும், அல்லது கசப்பையே சகித்துக்கொள்ளும்.

பகலில் விடவைப்பது சுலபம். எந்த நேரத்தில் விரல் போகிறது என்று ஒரு வாரம் குறியுங்கள். டிவி, கார், பசி, தூக்கம் என்று நாலைந்து இடம்தான் வரும். அந்த நேரத்தில் இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள். விரல் போகும்போது "எடு" என்று அதட்டாமல், முன்பே பேசி வைத்த ஒரு சைகை போதும். காலண்டரில் சூப்பாத நாளுக்கு ஸ்டிக்கர், குழந்தையே ஒட்டட்டும். ஆரம்பத்தில் வாரத்துக்கு 3 ஸ்டிக்கர் வந்தாலே பரிசு. தொடக்கத்திலேயே 7 என்று வைத்தால் செவ்வாய்க்கிழமையே தோற்று, புதன்கிழமை கைவிட்டுவிடுவார்கள்.

நேர்க்கடி
ராத்திரிக்கு: க்ரேப் பேண்டேஜை முழங்கையின் மேல், சட்டைக் கைக்கு மேலேயே, தளர்வாகச் சுற்றுங்கள். விரலைக் கட்டுவதை விட இது பயன்படும். கை மடங்குவதைத் தடுக்கும் அளவுக்கு மட்டும்; ஆழ்ந்து தூங்கியதும் கை தானாக நீண்டு விரல் வெளியே வந்துவிடும். சுற்றிய பின் உங்கள் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். பத்து நிமிடம் கழித்துக் குழந்தையின் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் சில்லென்று இருக்கிறது, மரத்துப்போகிறது என்றால் கட்டு இறுக்கம், அவிழ்த்துவிடுங்கள்.

6 முதல் 8 வாரம் ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தோற்பது மூன்றாவது வாரம். நாலு நாள் சூப்பவில்லை, சரியாகிவிட்டது என்று கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். காய்ச்சல், ஊர்ப் பயணம், தம்பி பாப்பா பிறந்த வாரம் என்று பழக்கம் திரும்ப வரும் நேரங்களும் உண்டு. வீட்டில் அப்படி ஏதாவது நடக்கும்போது புதிதாகத் தொடங்க வேண்டாம்.

ஈரோட்டு அம்மா
நன்றி. இதையும் செய்து நிற்கவில்லை என்றால் அந்தக் கம்பி என்ன செய்யும்? குத்துமா?

கம்பிவேலை (டென்டல் லேப்)
அக்கா, லேப் பக்கத்திலிருந்து சொல்றேன். நீங்க கேட்பது பேலட்டல் க்ரிப். மேல் கடைவாய்ப்பல் இரண்டிலும் ஸ்டீல் வளையம் (பேண்ட்), அதிலிருந்து 0.9 அல்லது 1 மி.மீ. ஸ்டீல் கம்பி அண்ணத்தின் ஓரமாக முன்னால் வரும், முன்பல்லுக்குப் பின்னால் வேலி மாதிரி மூணு நாலு வளைவு. விரல் அண்ணத்தைத் தொட முடியாது, உறிஞ்சும் சுகம் போய்விடும். வளைவுகள் மழுங்கியவை, குத்தாது. கூர் முனை வைத்த பழைய வகை ஒன்று உண்டு, அது குழந்தைக்குத் தண்டனை; அதைப் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்க.

மூணு வருகை ஆகும். முதலில் பல்லுக்கு நடுவே இடம் விலக்க ரப்பர் செபரேட்டர், கிட்டத்தட்ட ஒரு வாரம். அது விழுந்துவிட்டால் டாக்டருக்குச் சொல்லுங்க. இல்லாவிட்டால் இடம் கிடைக்காமல் பேண்ட் இறங்காது, வருகை வீண். அடுத்து பேண்ட் பொருத்தி அளவு எடுப்பது. பேண்டைப் பல்லில் வைத்தே அச்சு எடுத்து, கழற்றி அச்சுக்குள் அதே இடத்தில் உட்காரவைத்து அனுப்புவாங்க. ப்ளாஸ்டர் ஊத்தும்போது பேண்ட் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வாயில் ஏறாது, அதனால் மெழுகு வைத்துப் பிடிச்சுத்தான் ஊத்தணும். மூணாவது வருகையில் சிமெண்ட் வைத்து ஒட்டுவது.

தப்பு நடக்கும் இடம் ரெண்டு. கம்பியைப் பேண்டோடு பற்றவைக்கும்போது (சால்டர்) தீ அதிகமானால் கம்பி இளகிவிடும். பிறகு குழந்தை நாக்கால் தள்ளியே வளைச்சிடும். இன்னொன்று உயரம். க்ரிப் குட்டையாக இருந்தால் விரல் அடியில் நுழையும். நீளமாக இருந்தால் இன்றைக்கு இடிக்காது, ஆனால் திறப்பு மூடி வரும்போது கீழ்ப் பல்லிலோ ஈறிலோ இடிக்கும். மூடப்போகிற இடத்தைக் கணக்கில் வைத்து வளைக்கணும். அளவோடு கடி அச்சும் (மேல், கீழ் பல் எப்படிச் சேர்கிறது என்று காட்டும் அச்சு) அனுப்பாத டாக்டருக்கு இதைச் சரியாகச் செய்து தர முடியாது.

நேர்க்கடி
கம்பிவேலை சொன்னது அத்தனையும் உண்மை, கடி அச்சு விஷயத்தையும் சேர்த்து.

க்ரிப் வைத்த முதல் சில நாட்கள் பேச்சு குழறும், எச்சில் ஊறும், சாப்பாடு சிக்கும். இட்லி, தயிர் சாதம், பருப்புக் கடைசல் போதும். முறுக்கு, கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய் வேண்டாம். பேண்ட் கழன்று வருவது பெரும்பாலும் ஒட்டும் மிட்டாயால்தான். சாப்பிட்ட பின் தண்ணீரை அழுத்திக் கொப்பளிக்க வேண்டும், இரவில் கம்பிக்கும் அண்ணத்துக்கும் நடுவே சின்ன பிரஷ் போக வேண்டும். நாக்கில் கம்பித் தடம் விழும். கழற்றிய பின் மறைந்துவிடும்.

ஒரு பக்க பேண்ட் தளர்ந்தால் வலிக்காது, தெரியவும் தெரியாது. உள்ளே உணவு புகுந்து பல் சொத்தையாகும். வாரம் ஒரு முறை பேண்டின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். எச்சில் குமிழி வந்தால் சிமெண்ட் விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கே கூப்பிடுங்கள்.

சூப்புவது நின்றுவிட்டதாகத் தெரிந்த பிறகும் 3 முதல் 6 மாதம் க்ரிப் இருக்க வேண்டும். உடனே எடுத்தால் விரல் திரும்பிவிடும்.

க்ராஸ் பைட்டும் இருந்தால் க்ரிப் மட்டும் போட்டுப் பயனில்லை. குவாட் ஹீலிக்ஸ் என்ற நாலு சுருள் கம்பி அகலத்தையும் கூட்டும், விரலுக்கும் தடையாகும்; இரண்டும் சேர்ந்த குழந்தைக்கு என் முதல் தேர்வு அதுதான். அகலம் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக வந்த பின் மூன்று மாதம் விசை இல்லாமல் அப்படியே வைத்திருப்போம்.

நீலமுருளை (குழந்தைகள் பல் மருத்துவம்)
ஒரு மாற்றுக் கருத்து. ஒத்துழைக்கும் 7 வயதுப் பிள்ளைக்கு வேலிக்குப் பதில் ப்ளூகிராஸ் போடலாம். அதே பேண்ட், அதே கம்பி, ஆனால் அண்ணத்தில் நாக்கால் உருட்டும் ஆறுமுக டெஃப்லான் உருளை. விரல் போக வேண்டிய இடத்தில் நாக்குக்கு வேலை கிடைக்கிறது. பேச்சுத் தடையும் குறைவு. குழந்தைக்கு அது தண்டனையாகப் படுவதில்லை, எனக்கு அதுவே பெரிய காரணம்.

நேர்க்கடி
ஒத்துக்கொள்கிறேன், திறப்பு சின்னதாக இருக்கும்போது. நாக்கு ஏற்கெனவே முன்னால் நீட்டிப் பழகிவிட்ட குழந்தைக்கு உருளை அதைத் தடுக்காது, அங்கே வேலிதான்.

கொங்குத்தம்பி
12 வயசில் எப்படியும் க்ளிப் போடத்தான் போறோம் என்றால் இப்போ ஏன் இவ்வளவு பாடு?

நேர்க்கடி
மூன்று காரணம், தம்பி. மேல் பல் 3 மி.மீ.க்கு மேல் முன்னால் நின்றால், விழும்போது முன்பல் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விளையாட்டு வயதில் உடைந்த நிரந்தர முன்பல்லை க்ளிப் திருப்பித் தராது. அடுத்து, மேலண்ணத்தின் நடு இணைப்பு சின்ன வயதில் மெல்லிய விசைக்கே விரியும். பதின்வயதில் திருகு வைத்த கருவியும் பெரிய விசையும் தேவை, வளர்ந்த பிறகு சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். மூன்றாவது, பழக்கம் தொடரும் வாயில் க்ளிப் போட்டு நேராக்கினாலும் விரல் மறுபடி தள்ளிவிடும்.

சொல்லொலி (பேச்சுப் பயிற்சி)
பேச்சு பற்றி யாரும் சொல்லவில்லையே. முன்னால் திறப்பு இருந்தால் நாக்கு அந்த வழியாக வெளியே வரும். முதலில் மாட்டுவது "ஸ": 'பஸ்', 'சோப்பு' மழுங்கி ஒலிக்கும். த, ந சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் நிற்காமல் இடைவெளியில் எட்டிப்பார்க்கும்; காதில் பெரிதாகத் தெரியாது, எதிரே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ட, ண, ழ, ள அண்ணத்தில் பின்னால் பிறப்பதால் பொதுவாகத் தப்பிவிடும். மேல் பல் அதிகம் முன்னால் நின்றால் ப, ம சொல்ல உதடு ஒட்டாமல், கீழ் உதடு மேல் பல்லைத் தொடும்.

விரல் நிற்கும் முன் நாக்குப் பயிற்சி தொடங்குவதில் பயனில்லை. நின்று திறப்பு மூடியதும் பல பிள்ளைகளுக்கு ஒலி தானே திருந்தும். மூடிய பிறகும் மழுங்கினால் வாருங்கள்.

தாயுமானாள்
விரல் சூப்பினால் அலர்ஜி வராது என்று படித்தேனே, அப்போ தொடரவிடலாமா?

குட்டிப்பல்
நீங்கள் படித்தது நியூசிலாந்தின் டுனெடின் நகர ஆய்வாக இருக்கும், 2016இல் வெளியானது. விரல் சூப்பிய அல்லது நகம் கடித்த பிள்ளைகளில் 13 வயதில் தோல் பரிசோதனையில் அலர்ஜி காட்டியவர்கள் 38%, இரண்டும் இல்லாதவர்களில் 49%. ஆனால் ஆஸ்துமாவிலோ மூக்கு அலர்ஜியிலோ வேறுபாடு இல்லை. அதை நம்பிப் பழக்கத்தைத் தொடரவிடக் கூடாது. சின்ன வயதில் சூப்பிவிட்டதே என்று பயந்துகொண்டிருப்பவர்களுக்கு அது ஆறுதல், அவ்வளவே.

ஈரோட்டு அம்மா
ஸ்கேல் வைத்து அளந்தேன். முன்னால் 5 மி.மீ., திறப்பு 3 மி.மீ. கண்ணாடியில் நடுக்கோடு விலகவில்லை. இன்று முதல் காலண்டரும் பேண்டேஜும். நின்ற பிறகும் திறப்பு மூடவில்லை என்றால்?

நேர்க்கடி
நடுக்கோடு விலகவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் இரண்டு பக்கமும் சமமாக ஒடுங்கினாலும் கோடு நடுவில் நிற்கும், அதனால் ஒருமுறை நேரில் காட்டிக் கடைவாயைப் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற நாளிலிருந்து மாதாமாதம் அளவைக் குறியுங்கள். ஆறு மாதத்தில் 3 என்பது இறங்கிக்கொண்டே வர வேண்டும்.

அசையாமல் நின்றால் மூன்று இடத்தில் தேடுவோம். கீழ் உதடு மேல் பல்லுக்குப் பின்னால் மடிந்து உட்கார்ந்திருக்கிறதா. விரல் செய்த வேலையை உதடு தொடரும். விழுங்கும்போது நாக்கு முன்னால் வருகிறதா. கீழ் உதட்டை மெதுவாக விலக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கச் சொன்னால் தெரியும். ராத்திரி வாய் திறந்து குறட்டையோடு தூங்குகிறாளா. அப்படியென்றால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும், அது அடைத்திருக்கும் வரை வாய் மூடாது. முகம் நீளமாக வளரும் வாகு குடும்பத்திலேயே இருந்தால் அது எலும்பு வளர்ச்சியால் வரும் திறப்பு, விரல் மேல் மட்டும் பழி போட முடியாது. அதற்கு எக்ஸ்ரே எடுத்துத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

கம்பிவேலை
அக்கா, பேண்டேஜ் ரெண்டு வாங்கிக்கோங்க. வேர்வையில் நனைந்ததையே மறுநாளும் கட்டினால் முழங்கை மடிப்பில் வேர்க்குரு வரும். துவைத்துக் காயவைத்து மாத்தி மாத்திக் கட்டுங்க.